சத்தம் ஓரிடம், கோளாறு வேறிடம்

மழைக்காலத்து ஞாயிறு ஒன்றில் மாட்டுங்காவிலிருந்து செம்பூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். முன்சீட்டில் காய்கறிப் பை, பின்சீட்டில் அம்மா. சயான் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. "பின்னால யாரோ கதவைத் தட்டற மாதிரி இருக்கே" என்றார் அம்மா. எனக்கு எதுவும் கேட்கவில்லை. மறுநாள் தனியாக ஓட்டிப் பார்த்தபோதும் கேட்கவில்லை. மாலையில் அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், இரண்டாவது வேகத்தடையிலேயே "அதோ, அதோ" என்கிறார். எழுபது வயதைத் தாண்டியவரின் காதைச் சந்தேகிப்பது சுலபம். நானும் அதைத்தான் செய்தேன். ஒரு வாரம் கழித்து எனக்கும் கேட்கத் தொடங்கியது.

வண்டி அப்பாவுடையது. 1994-இல் வாங்கிய பிரீமியர் பத்மினி. தனியார் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறை வண்டியைக் காட்டி, ஓடத் தகுதியானது என்று சான்று பெற்றுப் புதுப்பிக்க வேண்டும். நான்கு முறை புதுப்பித்தாகிவிட்டது. அப்பா போன பிறகு விற்கச் சொல்லிப் பலர் சொன்னார்கள். அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் விற்கவில்லை.

வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறையில் விட்டேன். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்த இளைஞர் "பின்னாடி சத்தம்னா ஷாக் அப்சார்பர்தான் மேடம்" என்றார். இரண்டையும் மாற்றினார்கள். நாலாயிரத்துச் சொச்சம். சத்தம் அப்படியே இருந்தது. மறுபடி விட்டேன். இந்த முறை ஸ்பிரிங்கைக் கழற்றி ரப்பர் புஷ்களை மாற்றினார்கள். சத்தம் நின்றது. நான்கு மாதம் நிம்மதி. பிறகு திரும்ப வந்தது, முன்பைவிடப் பலமாக. கூடவே புதிதாக ஒன்றும் வந்தது. ஒரு மாலை கிழக்கு விரைவுச் சாலையில் பிரேக்கை அழுத்தியபோது வண்டியின் வால் ஒரு கணம் இடப்புறம் விலகி மீண்டது. பின்னால் லாரி. பின்சீட்டில் அம்மா. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்றாவது முறை போனபோது பட்டறையின் தீர்ப்பு தயாராக இருந்தது: ஸ்பிரிங் செட் முழுவதும் போய்விட்டது, புதிது கிடைக்காது, காயலான் கடைக்குப் போட்டுவிடுங்கள்.

போட்டிருப்பேன். தடுத்தவர் எங்கள் கட்டடத்துக் காவலாளி. முப்பது ஆண்டு டாக்ஸி ஓட்டிவிட்டு வந்தவர். "தாராவியில ஒரு அண்ணாச்சி இருக்காரு. அவரு பாத்துட்டுச் செத்துப்போச்சுன்னு சொன்னா, அப்புறம் போடுங்க" என்றார்.

அண்ணாச்சியைப் பற்றிச் சொல்வதற்கு முன் அவர் வாழ்நாள் முழுவதும் கையாண்ட வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வால்சந்த் ஹிராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், இத்தாலியின் ஃபியட் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு குர்லா தொழிற்சாலையில் தயாரித்த கார் இது. 1960-களில் 'ஃபியட் 1100 டிலைட்' என்று வந்தது. 1970-களில் சித்தூர் ராணியின் பெயரைச் சூட்டிக்கொண்டது. பெயர் மாறியதே தவிர வண்டி பெரிதாக மாறவில்லை. 1,089 சி.சி. எஞ்சின். பெரும்பாலானவற்றில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர்த் தண்டு. பின்னால் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை அச்சு, அதைத் தாங்க இரு புறமும் எஃகுப் பட்டை ஸ்பிரிங்குகள். பல பத்தாண்டுகளுக்கு மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்ஸி என்றாலே இதுதான்.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தோடு உற்பத்தி முடிந்துபோனது. கடைசி பத்மினி டாக்ஸி 2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவானது. மும்பையில் டாக்ஸிக்கு வயது வரம்பு 20 ஆண்டு. எனவே 2023 அக்டோபர் 30 முதல் நகரத்துத் தெருக்களில் பத்மினி டாக்ஸி இல்லை. அந்த வாரம் பத்திரிகைகள் இரங்கல் எழுதின. வண்டியைப் பற்றி நிறைய எழுதினார்கள். அதை அத்தனை காலம் ஓடவைத்தவர்களைப் பற்றிக் கொஞ்சம்தான்.

தாராவி 90 அடி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது அண்ணாச்சியின் பட்டறை. ஒரு வண்டி உள்ளே நின்றால் அடுத்தது தெருவில்தான் நிற்க வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சிறுவனாக வந்து, குர்லாவில் எடுபிடியாக வேலை கற்று, இங்கே தனியாகத் தொழில் தொடங்கியவர். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார். பத்மினிகள் போன பிறகு அவருக்குச் சோறு போடுவது டாட்டா ஏஸ் போன்ற சிறு சரக்கு வண்டிகள். அவற்றிலும் பின்னால் இருப்பது பட்டை ஸ்பிரிங்தான் என்பதால் கை மறக்கவில்லை.

வண்டியைப் பார்த்ததும் ஸ்பேனரை எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். பிறகு கேள்விகள். சத்தம் எப்போது வருகிறது? பள்ளத்தில் இறங்கும்போதா, ஏறும்போதா? ஆள் ஏறினால் கூடுகிறதா, குறைகிறதா? பிரேக் போட்டால் வருகிறதா? கிளட்சை விட்டுக் கிளம்பும்போது 'டக்' என்று ஒரு முறை வருகிறதா? ஓட்டும்போது கூடிக்கொண்டே போகும் உறுமலா? எந்தக் கேள்விக்கும் என்னிடம் தெளிவான பதில் இல்லை. பக்கத்துப் பட்டறையில் இவற்றில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை என்பது மட்டும் அப்போது உறைத்தது.

"மொதல்ல டிக்கியக் காலி பண்ணுங்கம்மா" என்றார்.

ஜாக்கி, ஸ்டெப்னி, பழைய செய்தித்தாள்கள், அப்பா வைத்த ஒரு மரக்கட்டை, எல்லாவற்றையும் இறக்கினோம். பின்புறச் சத்தம் என்று வரும் வண்டிகளில் சில, ஜாக்கியைச் சரியாகக் கட்டியதும் குணமாகித் திரும்பிவிடும் என்று சொல்லிச் சிரித்தார். அடுத்தது சைலன்ஸர். குழாயைத் தாங்கும் ரப்பர் அறுந்திருந்தால் அது அடியில் இடித்துக்கொண்டு ஊரையே ஏமாற்றும். கையால் ஆட்டிப் பார்த்தார். அது சரியாக இருந்தது. பிறகு பையனை ஓட்டச் சொல்லிவிட்டு அவர் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். 90 அடி சாலையில் ஒரு சுற்று. பின் சஸ்பென்ஷனின் கோளாறு பின்சீட்டில் இருப்பவருக்கே முதலில் தெரியும். ஓட்டுகிறவர் அதற்கு மேல் உட்காரவில்லை. அம்மாவின் காதைச் சந்தேகித்ததற்கு அங்கேயே மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

சஸ்பென்ஷன் என்ற சொல் பத்திரிகைக்காரர்களுக்கு நினைவூட்டுவது பணியிடை நீக்கத்தை. ஆனால் சொல்லின் நேர்ப்பொருள் தொங்கல். ஐரோப்பாவில் குதிரை வண்டியின் கூண்டைத் தோல் வார்களில் தொங்கவிட்டார்கள். எஃகுப் பட்டைகள் வந்த பிறகும் சொல் நிலைத்துவிட்டது. 1804-இல் லண்டன் வண்டித் தயாரிப்பாளர் ஒபதியா எலியட் நீள்வட்ட ஸ்பிரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். அடுக்கிய பட்டைகள் ஆங்கிலேயர் கண்ணுக்கு இலையாகத் தெரிந்தன. நம் கண்ணுக்கு வில்லாகத் தெரிந்தன. ஸ்பிரிங் வைத்த மாட்டு வண்டிக்குத் தமிழ்நாட்டில் வில்வண்டி என்று பெயர். மும்பைப் பட்டறைகளின் இந்தியில் இது 'கமானி'. அதுவும் வில்லைக் குறிக்கும் கமானிலிருந்து வந்த சொல்தான். தோல் வாரில் தொங்கிய கூண்டைவிட இந்த வில் நம்முடைய வண்டிக்கு நெருக்கமானது. பாரம் ஏறினால் நிமிரும், இறங்கினால் வளைவுக்குத் திரும்பும். பல காலம் பாரம் சுமந்தால் வளைவை இழக்கும்.

இன்னொரு சொல்லும் நம்மை ஏமாற்றுகிறது. ஷாக் அப்சார்பர். அதிர்வு தாங்கி என்று மொழிபெயர்க்கிறோம். ஆனால் பத்மினி போன்ற வண்டியில் பள்ளத்தின் அடியை வாங்குவதும் பாரத்தைத் தாங்குவதும் வில்தான். அடி வாங்கிய வில் அப்படியே விட்டால் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டத்தை நிறுத்துவது மட்டுமே ஷாக் அப்சார்பரின் வேலை. உள்ளே இருக்கும் எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ளி, ஆட்டத்தின் வேகத்தைச் சூடாக மாற்றிக் கரைத்துவிடுகிறது. பிரிட்டிஷ்காரர்கள் இதை 'டேம்பர்' என்கிறார்கள், அடக்குவது என்ற பொருளில். அந்தச் சொல் நம்மிடம் வந்திருந்தால் 'பின்னாடி சத்தம்னா ஷாக்' என்ற தீர்ப்பு இவ்வளவு சுலபமாக வந்திருக்காது. என் நாலாயிரமும் மிஞ்சியிருக்கும்.

ஷாக் அப்சார்பரைச் சோதிக்க எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்று உண்டு. வண்டியின் பின் மூலையைப் பலமாக அழுத்தி விட வேண்டும். எழுந்து, ஒரு முறை தாழ்ந்து நின்றுவிட்டால் நல்லது. இரண்டு மூன்று முறை ஆடினால் அது செத்துவிட்டது. அண்ணாச்சி இதையும் செய்தார். ஆனால் இதை முழுக்க நம்பக் கூடாது என்றார். பட்டைகளுக்கு இடையே துரு ஏறி இறுகிப்போன பழைய வண்டியில் அந்த உராய்வே ஆட்டத்தைப் பிடித்து நிறுத்திவிடும். செத்த ஷாக்கும் பிழைத்திருப்பது போல் தெரியும். அதனால் மேலும் இரண்டு இடம் பார்க்க வேண்டும். ஷாக்கின் உடலில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருக்கிறதா? டயரின் மேல் உள்ளங்கையைத் தடவினால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படுகிறதா? ஆடிக்கொண்டே ஓடும் சக்கரம் சாலையை விட்டுவிட்டுத் தொடுவதால் டயர் திட்டுத்திட்டாகத் தேயும். என் வண்டியில் இரண்டும் இல்லை. ஷாக் புதிது அல்லவா.

பிறகு அளவெடுத்தார். சமதரையில், நான்கு டயரிலும் சரியான காற்று வைத்து, ஆள் இல்லாத வண்டியில், பின்சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே சக்கர வளைவின் விளிம்பு வரை டேப் பிடித்தார். இடமும் வலமும் கிட்டத்தட்ட சமம். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கத்து வில் தளர்ந்தது அல்லது உடைந்தது. இரண்டும் தாழ்ந்திருந்தால் பாரம் தின்ற வண்டி. அப்படிப்பட்ட வண்டி பெரிய பள்ளத்தில் 'டம்' என்று அடி வாங்கும். அச்சு எழும்பி, கடைசித் தடுப்பாக வைத்த ரப்பர் கட்டையில் மோதும் ஓசை அது.

டாக்ஸிகளில் இந்த 'டம்' 2000-களில் பெருகியதாம். புகை மாசு தொடர்பாக மும்பை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கையடுத்து டாக்ஸிகள் சி.என்.ஜி.க்கு மாறின. வாயுவை அடைக்கும் எஃகு உருளை டிக்கியில் உட்கார்ந்தது. சுமார் 60 கிலோ. நகரத்துக் காற்றுக்கு நல்லது. ஆனால் இறங்கவே இறங்காத ஒரு பயணியை இரவும் பகலும் ஏற்றிக்கொண்டு ஓடுவது போலத்தான் வில்லுக்கு. மயிலிறகே ஆனாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லியிருக்கிறார். இது மயிலிறகுகூட அல்ல. சிலர் ஒரு பட்டையைக் கூடுதலாகச் செருகினார்கள். வண்டி உயர்ந்தது, கூடவே விறைத்தது. ஆள் இல்லாமல் ஓடும்போது எலும்பை உலுக்கியது. சிலர் பட்டைகளை நெருப்பில் காய்ச்சி அடித்து வளைவு ஏற்றினார்கள். காய்ச்சிய எஃகைச் சரியாகப் பதப்படுத்தாவிட்டால் அது தன் குணத்தை இழந்துவிடும். சில மாதங்களில் மறுபடி தொய்ந்து நிற்கும். "பழையபடி வந்து நிப்பாங்க. நாங்க மறுபடி காய்ச்சுவோம். அது ஒரு பொழப்பு" என்றார், தன் தொழிலையும் விட்டுவைக்காமல்.

அதுவரை என் வண்டியில் எதுவும் அகப்படவில்லை. அண்ணாச்சி உள்ளே போய் ஒரு நூல்கண்டு எடுத்துவந்தார். கொத்தனார் பிடிக்கும் நூல்தான். ஸ்டியரிங்கை நேராக நிறுத்தி, முன்சக்கரத்தின் மையத்திலிருந்து பின்சக்கரத்தின் மையத்துக்கு நூல் பிடித்து முடிச்சுப் போட்டார். அதே நூலை மறுபக்கம் கொண்டுபோய்ப் பிடித்தார். முடிச்சு பொருந்தவில்லை. இடப்புறம் கால் அங்குலத்துக்கு மேல் கூடுதலாக இருந்தது.

"அச்சு நவுந்திருக்கு, பாத்துக்கிடுங்க" என்றார்.

கால் அங்குலம் என்ன செய்துவிடும் என்று நினைப்போம். பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இருப்பவை. இடப்பக்கம் சற்றுப் பின்னால் போனால் அச்சு முழுவதும் கோணலாகும். முன்சக்கரம் ஒரு வழியும் பின்சக்கரம் ஒரு வழியும் பார்க்க, வண்டி நண்டு மாதிரி ஒருக்களித்து ஓடும். இதைக் கண்டுபிடிக்க நூல்கூட வேண்டாம். தேங்கிய தண்ணீரில் மெதுவாக நேராக ஓட்டி, காய்ந்த தரையில் ஏற்றி, ஈரத்தடத்தைத் திரும்பிப் பார்த்தால் போதும். முன் தடத்துக்கும் பின் தடத்துக்கும் உள்ள விலகல் இரு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். மும்பையில் நான்கு மாதத்துக்குத் தேங்கிய தண்ணீருக்கும் குறைவில்லை.

அதன் பிறகுதான் வண்டி மேலே ஏறியது. ஜாக்கியில் தூக்கியதும் பையன் நுழையப் போனான். அண்ணாச்சி அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். முன்சக்கரங்களுக்குக் கல் வைத்து, அடியில் இரண்டு பக்கமும் கனத்த மரக்கட்டைகளை அடுக்கி, வண்டியைத் தோளால் இடித்துப் பார்த்த பிறகே உள்ளே போக அனுமதி. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது. வீட்டில் தானே பார்த்துக்கொள்ள நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும். அவர் கூட வேலை பார்த்த ஒருவர் அப்படிப் போனவர். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கம்பி பிரஷ்ஷால் பட்டைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து டார்ச் அடித்தார். விரிசல் விழுந்த பட்டையில் மெல்லிய கோடாகத் துரு கசிந்திருக்கும். நடுவிலும் முனைக் கண்ணுக்குப் பக்கத்திலும்தான் முதலில் பார்க்க வேண்டும். எங்கும் விரிசல் இல்லை. மெயின் பட்டையின் முனைகள் வண்டியின் அடித்தகட்டில் மாட்டும் இடங்களை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தார். பத்மினிக்குத் தனிச் சட்டம் கிடையாது; உடலே சட்டம். கடற்காற்றும் மழையும் அந்தத் தகட்டை அரித்துவிட்டால் புது வில் போட்டும் பயனில்லை. தகடு கெட்டியாக இருந்தது. அப்பா ஆண்டுதோறும் மழைக்கு முன் அடியில் கறுப்புப் பூச்சு அடிக்கச் சொல்வார். அந்தச் செலவுக்காக நாங்கள் அவரைக் கேலி செய்ததுண்டு.

கடைசியாக ஒரு நீளக் கம்பியை முன்முனைப் புஷ்ஷுக்கு அருகில் கொடுத்து நெம்பினார். 'டக்'. அதே சத்தம். ரப்பர் கிழிந்து தொங்கியது. நான்கு மாதத்துக்கு முன் மாற்றிய ரப்பர்.

"மட்டமான சரக்கா அண்ணாச்சி?"

"சரக்கு நல்ல சரக்குதாம்மா. முடுக்குன விதம் தப்பு. வண்டி அந்தரத்துல இருக்கும்போதே நட்ட முடுக்கியிருக்காங்க."

விளக்கினார். வண்டியை உயர்த்தி வைத்திருக்கும்போது வில் கீழே தொங்கி, முழு வளைவோடு இருக்கிறது. அந்த நிலையில் நட்டை இறுக்கினால் ரப்பர் அந்தக் கோணத்திலேயே பிடிபட்டுவிடும். பிறகு வண்டியை இறக்கி, அதன் எடை ஏறியதும் வில் நிமிரும், ரப்பர் முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய நிலையிலேயே ஒவ்வொரு பள்ளத்திலும் மேலும் முறுக்கப்படும். எத்தனை நாள் தாங்கும்? நட்டைத் தளர்வாக மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, எடை ஏறிய பிறகுதான் கடைசி முடுக்கு. ஐந்து நிமிட வேலை. தரையில் படுத்துக்கொண்டு, குறுகிய இடத்தில் செய்ய வேண்டியது என்பதால் பலர் செய்வதில்லை.

அதோடு முடியவில்லை. அச்சையும் வில்லையும் சேர்த்துக் கட்டுபவை யு போல்டுகள். பட்டைகளை ஒன்றாகக் கோத்து நடுவில் ஒரு போல்ட். அதன் தலை, அச்சில் உள்ள குழியில் பொருந்தி, அச்சை அதன் இடத்தில் நிறுத்துகிறது. புஷ் மாற்ற வில்லைக் கழற்றினால் யு போல்டுகளை மறுபடி மாட்டி, சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை முடுக்க வேண்டும். என் வண்டியில் அந்த இரண்டாவது முடுக்கு நடக்கவில்லை. யாரும் வரச் சொல்லவுமில்லை. யு போல்ட் தளர்ந்தது. பிரேக் போடும்போதும் கிளம்பும்போதும் அச்சு நகரப் பார்த்தது. அதன் முழுப் பலத்தையும் நடு போல்ட் ஒன்றே தாங்கியது. பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே உராய்ந்து பளபளத்த ஒரு தடம். போல்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். கழுத்தில் பாதி அறுந்திருந்தது. மீதிப் பாதி அறுந்த அன்று விரைவுச் சாலையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரிடம் கேட்கத் தைரியம் வரவில்லை.

ஆக, பக்கத்துப் பட்டறை இரண்டாவது முறை மாற்றிய பொருள் சரியானதுதான். முதல் கோளாறு புஷ்தான். அதை மாற்றும்போது புதிதாக ஒரு கோளாறை உள்ளே வைத்து மூடிவிட்டார்கள். அந்தக் கோளாறு நன்றாக இருந்த வில்லின் மேல் பழியைப் போட்டு, வண்டியையே காயலான் கடை வாசல் வரை கொண்டுபோனது.

அந்த இளைஞரை நான் குறை சொல்லத் தயாராக இல்லை. அண்ணாச்சி ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கேட்டார், பார்த்தார், தடவினார், அளந்தார். அந்த ஒன்றரை மணிக்கு எந்தப் பட்டறையின் பில்லிலும் ஒரு வரி கிடையாது. ஷாக் அப்சார்பருக்கு வரி உண்டு, புஷ்ஷுக்கு வரி உண்டு, மாட்டுகூலிக்கு வரி உண்டு. பார்த்ததற்குக் கூலி கேட்டால் நாமே "சும்மா பார்த்ததற்கா?" என்று கேட்போம். மாற்றினால் காசு, பார்த்தால் காசில்லை என்ற ஏற்பாட்டில் எந்தப் புத்திசாலியும் மாற்றத்தான் செய்வார். டாக்டர் தொட்டுப் பார்க்காமல் ஸ்கேனுக்கு எழுதுகிறார் என்று புலம்புகிறோமே, அதுவும் இதே கணக்குதான்.

எனக்கு இது புதிதல்ல. மொழிபெயர்ப்புக்கு வார்த்தைக் கணக்கில் கூலி. நூறு வார்த்தையை அரைமணியில் அடித்துவிடலாம். ஒரு வார்த்தை அரைநாள் பிடித்துக்கொள்ளும். அந்த அரைநாளுக்குத் தனிக் கூலி இல்லை. அகராதியில் முதலில் அகப்பட்டதைப் போட்டுவிட்டு நகர்கிறவர் என்னைவிட அதிகம் சம்பாதிக்கிறார். அவருடைய பக்கங்களிலும் சத்தம் கேட்கும். கோளாறு எங்கே என்று வாசகருக்குத் தெரியாது.

அண்ணாச்சியிடம் இப்போது தொழில் கற்கும் பையன் ஒருவன்தான். அவனுக்குக் கணினி வைத்துக் கோளாறு பார்க்கும் பெரிய பட்டறையில் சேர ஆசை. தவறில்லை. கணினி எஞ்சினின் கோளாறைச் சொல்லும். ரப்பர் எந்தக் கோணத்தில் முடுக்கப்பட்டது என்று அது சொல்லாது. பட்டறைச் சுவரில் ஒரு எண் எழுதியிருக்கிறார்கள். தாராவி மறுசீரமைப்புக்காக 2024-இல் தொடங்கிய கணக்கெடுப்பில் விழுந்த எண். கடைக்கு மாற்று இடம் எங்கே, எவ்வளவு என்பது அவருக்குத் தெரியாது. அதைப் பற்றிக் கேட்டபோது தோளைக் குலுக்கிவிட்டு, யு போல்டை முடுக்கப் போய்விட்டார்.

புது புஷ், புது நடு போல்ட், நான்கு புது யு போல்டுகள். அச்சு குழியில் உட்கார்ந்தது. நூல் பிடித்ததில் இரண்டு பக்கமும் ஒரே முடிச்சு. புஷ் நட்டை வண்டி தரையில் நின்ற பிறகே முடுக்கினார், தரையில் மல்லாந்து படுத்து, அறுபது வயதுக்கு மேல். கூலி என்று அவர் சொன்ன தொகை, நான் ஷாக் அப்சார்பருக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை. சாமானும் மாட்டுகூலியும் மட்டும் கணக்கில் இருந்தன.

"பாத்ததுக்கு?" என்று கேட்டேன்.

"பாத்ததுக்கு என்னம்மா?" என்று சிரித்தார்.

நான் விடவில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தொகையைத் தனியாக எண்ணி வைத்தேன். தயங்கி வாங்கிக்கொண்டு, அதில் கொஞ்சத்தைப் பையனிடம் கொடுத்தார். அவனும் நூலின் மறுமுனையைப் பிடித்தவன்தானே.

கிளம்பும்போது ஜன்னலருகே வந்தார். "முந்நூறு கிலோமீட்டர் ஓடுனதும் கொண்டாங்க. யு போல்ட்ட இன்னொரு தடவ முடுக்கணும். மறந்துராதீங்க. அம்மாவப் பின்னால உக்கார வச்சுக் கூட்டிட்டு வாங்க, அவங்க காதுக்குக் கேக்குதான்னு பாப்போம்."

மீட்டரில் இன்று 280 ஆகியிருக்கிறது. அம்மா இன்னும் எதுவும் சொல்லவில்லை. வரும் ஞாயிறு தாராவிக்குப் போகிறோம்.